சீசனில் யார் எங்கே படுப்பது

வீடு பார்க்கும் வேலைக்கு வந்த பிறகு, பிடிக்காதவர்களிடம் மனிதர்கள் எப்படியெல்லாம் நடந்துகொள்வார்கள் என்று எனக்குள் ஒரு பட்டியல் சேர்ந்துவிட்டது. மின்விசிறியைப் போட மாட்டார்கள். டிவி சத்தத்தைக் குறைக்க மாட்டார்கள். நாயைக் கட்டச் சொன்னால் நான் உட்காரப்போகும் நாற்காலிக்குப் பக்கத்தில் கட்டுவார்கள். தண்ணீர் கேட்டால் முற்றத்துக் குழாயைக் காட்டுவார்கள். சிலர் ரொம்ப மரியாதையாக இருப்பார்கள். அவர்கள் வீட்டிலிருந்து நான் கிளம்பியதும் என்னைப் பற்றி அலுவலகத்துக்குப் போன் போகும்.

வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கல்வியாண்டு நம் ஊர்க் குடும்பங்களோடு தங்கி, இங்கே பள்ளிக்கூடம் போய்ப் படிப்பார்கள். நம் பிள்ளைகள் அதேபோல அங்கே போவார்கள். இதை நடத்தும் அமைப்பில் வீடுகளின் தரத்தைப் பார்ப்பது என் வேலை. பாலக்காட்டின் கிழக்கும் இடுக்கியின் தோட்டப் பகுதியும் என் பொறுப்பு. இரண்டு பக்கமும் தமிழ் பேசும் வீடுகள் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். கட்டில், மேஜை, படிக்கிற விளக்கு, கழிப்பறை, அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள், வீட்டில் யார் யார் நிரந்தரமாக இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள், நாய்க்கு ஊசி போட்டார்களா. இவ்வளவுதான் பார்ப்பேன். இவ்வளவும் பார்ப்பேன்.

என் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே, கொழிஞ்சாம்பாறையில், ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் நான் கழிப்பறைக் கதவைத் திறந்தபோது அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, பொண்ணு பாக்க வர்றவங்ககூட கக்கூசைத் தொறந்து பாக்கறதில்லீங்களே. நீங்க அவங்களுக்கும் மேல போவீங்களாட்ட இருக்குது."

"பொண்ணு பாக்க வர்றவங்க பஜ்ஜி தின்னுட்டுப் போயிருவாங்க. இங்க ஒரு புள்ள வருசம் பூரா இருக்கோணுங்களே" என்றேன்.

அவர் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்: "ஏ, காப்பி வெக்காதே. அம்மிணி குடிக்க மாட்டாங்களாமா. குடிச்சா மார்க்கு போட முடியாதாமா."

அது உண்மைதான். பார்க்கப் போகும் வீட்டில் நாங்கள் ஒன்றும் சாப்பிடக் கூடாது. விதியிலேயே இதுதான் அதிகப் பகையைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்ததை மன்னித்தவர்கள்கூட காப்பியைத் தொடாததை மன்னிப்பதில்லை.

இதற்கு முன் கஞ்சிக்கோட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். இயந்திரவியல் படித்துவிட்டு நேராக அங்கே போனவள். வால்வு உடல்கள் வரிசையாக வரும். அளவு பார்ப்போம், வெடிப்பு பார்ப்போம், சரியில்லாததை ஒதுக்கி வைப்போம். ஒதுக்கின இரும்பு எதுவும் என்னைப் பார்த்து, உன் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டதில்லை. அந்த அமைதிக்குப் பழகியிருந்தேன். கோபப்படுகிறவர்கள் முன்னால் குரலை உயர்த்தாமல் நிற்க அங்கேதான் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். இரும்பிடம் கத்தி என்ன ஆகப்போகிறது.

இத்தனை வீடுகளில் என்னை நேருக்கு நேர் வெறுத்தவர் என்றால் மாட்டுப்பட்டி போகும் சாலையில் இருந்த ஒரு வீட்டுக்காரம்மாதான். நாற்பதைத் தொட்டிருப்பார். முன்பு தேயிலை ஃபாக்டரியில் சலிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். கணவர் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். இருவருமே கம்பெனி லயத்தில், ஒரே வரிசையாகக் கட்டின ஒற்றை அறை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். பிறகு சாலையோரம் சொந்தமாக இடம் வாங்கி வீடு கட்டி, அதில் இரண்டு அறைகளை மூணாறு பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தார்கள். ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறாள். அடுத்த வருடம் இத்தாலிக்குப் போகத் தேர்வாகியிருந்தாள்.

எங்கள் அமைப்பில் பிள்ளையை அனுப்பும் வீடு, ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளவும் வேண்டும். வைத்துக்கொள்வதற்குப் பணம் கிடையாது. வீடு தரத்தில் தவறி நீக்கப்பட்டால், அனுப்பும் இடமும் போய்விடும். அதனால் அந்த அம்மா இரண்டில் ஓர் அறையை இத்தாலியிலிருந்து வந்த பெண்ணுக்கு விட்டுக் கொடுத்திருந்தார். தன் மகள் போவதற்காக. அதை அவர் என்னிடம் மறைத்ததே இல்லை.

முதல் முறை நான் போனது ஆடி மழையில். சுற்றுலாக்காரர்கள் இல்லாத காலம். அந்த வீட்டுக்குப் பிள்ளைகளைத் தங்க வைக்கத் தெரியும், ஆனால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே விதத்தில். மேஜையில் பிளாஸ்டிக் உறை போட்ட மெனு அட்டை இருந்தது. பூரியா புட்டா என்று முந்தின நாளே கேட்டு வைப்பார்கள். காலையில் வாசலில் வெந்நீர் பிளாஸ்க். படுக்கையின் மேல் வெள்ளைத் துண்டை அன்னம்போல மடித்து வைத்திருந்தார்கள், கழுத்தெல்லாம் வளைத்து. இத்தாலிப் பெண் மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். குடும்பம் அடுப்படியில் சாப்பிட்டது. அவள் தட்டைக் கழுவ எழுந்தபோது ஜீப்காரர் ஓடிவந்து, "நோ நோ மேடம்" என்று பிடுங்கிக்கொண்டார்.

அன்று அவர்களை உட்கார வைத்து, பயிற்சி வகுப்பில் சொன்னதையே மறுபடி சொன்னேன். விருந்தாளியாக நடத்தாதீர்கள், வீட்டுப் பிள்ளையாக நடத்துங்கள். உங்கள் மகளுக்கு என்னவோ அதுவே அவளுக்கும். இதைத் திருத்த வேண்டிய குறையாகவும் எழுதினேன். அந்த அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டார். எவ்வளவு அப்படியே என்பது மார்கழியில்தான் தெரிந்தது.

மார்கழியில் இத்தாலியிலிருந்து அந்தப் பெண்ணின் தாயார் அலுவலகத்துக்கு எழுதினார். வீடியோவில் பேசும்போது மகள் தரையில் பாய்மேல் இருந்தாளாம். நடுக்கூடமாம். பின்னால் இடுப்பில் துண்டு மட்டும் கட்டின ஓர் ஆண் பக்கெட்டோடு குறுக்கே போனாராம். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். சொல்லாமல் போ, பார், அறை அவளிடம் இல்லையென்றால் கையோடு கூட்டி வந்துவிடு, வேறு ஊரில் வீடு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றார். அந்த வீடு என்ன ஆகும் என்று கேட்டேன். நீக்கம்தான் என்றார். அந்த வீட்டு மகள் இத்தாலி போவது என்ன ஆகும் என்று கேட்டேன். வீடு இல்லையென்றால் அதுவும் இல்லை, உனக்கே தெரியுமே என்றார்.

உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மேலேறும் பஸ்ஸில் போனேன். மறையூரில் வெல்லம் வாங்க இறங்கினவர்கள் மூட்டையோடு ஏறும்வரை பஸ் நின்றது. அதற்கு மேல் வழியெல்லாம் வண்டிகள். மூணாறில் இறங்கி மாட்டுப்பட்டி பஸ்ஸுக்கு நின்றபோதே தெரிந்துவிட்டது, சீசன் முழுவேகத்தில் இருந்தது.

கேட்டைத் திறந்ததும் அந்த அம்மா முகத்தைப் பார்க்காமலே, "ரூம் இல்லம்மா, ஃபுல்லு. மேல வளைவுல கேட்டுப் பாருங்க" என்றார்.

"நான் ரூமுக்கு வரலீங்க அக்கா."

நிமிர்ந்து பார்த்தார். கையில் தலையணை உறைகள். முகம் மாறிய வேகத்தை மறக்க முடியாது.

"ஓ. ஆபீசரம்மா. சொல்லாம கொள்ளாம வந்திருக்கீக."

"சொல்லாமத்தான் வரோணும்னு இருக்குதுங்க."

"வரோணும், பாக்கோணும், போகோணும்." என் பேச்சை அப்படியே பேசிக் காட்டினார். "இந்த ‘ஓணும்’லயே ஆளைக் கொன்னுருவீக. சரி, பராதி குடுத்தது யாரு? மேல வளைவுக்காரியா? அவளுக்கு எங்க ரூம் நிறையுததப் பாத்தா வயிறு எரியும்."

பராதி என்றால் புகார். யாரென்று சொல்லக் கூடாது என்றேன். "அந்தப் பிள்ள குடுத்துச்சா?" என்று கேட்டபோது மட்டும் அவர் குரல் இறங்கியது. இல்லை என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சொல்லலாம்.

இத்தாலிப் பெண்ணுக்குக் கொடுத்திருந்த அறையின் கதவைத் தட்டினேன். சென்னைக்காரர் ஒருவர் திறந்தார். உள்ளே அவர் மனைவி, மாமியார், கட்டிலில் குதிக்கும் ஒரு குழந்தை. இத்தாலிப் பெண் ஒட்டிய வரைபடமும் அவள் வரைந்த தேயிலைச் சரிவுகளும் சுவரில் அப்படியே இருந்தன. அவள் படிக்கிற மேஜையில் புளியோதரைப் பொட்டலங்களும் குர்குரேயும். நான் தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஹோம்ஸ்டே இன்ஸ்பெக்ஷனா மேடம்?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கு என்னைப் பார்த்து மலர்ந்த ஒரே முகம். "கரெக்டான டைம்ல வந்தீங்க. எழுதிக்கோங்க. கீசர் சுத்தமா வேலை செய்யல. நான் டெய்லி பக்கெட் எடுத்துட்டுக் கிச்சன் வரைக்கும் போறேன், துண்டோட."

"நீங்கதானுங்களா அது?" என்று கேட்டுவிட்டேன்.

"எது?"

"ஒண்ணுமில்லீங்க."

கூடத்தின் சுவரோரம் பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் மகளின் புதுத் தள்ளுபெட்டி, கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை கழற்றாமல். இத்தாலி போவதற்காக வாங்கினது. இப்போதைக்கு அதன்மேல் மூன்று போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. மகள் வாசல்படியில் நின்று நான் என்ன பார்க்கிறேன் என்று பார்த்தாள். "பெட்டியையும் தொறந்து காட்டவா?" என்றாள். அம்மாவின் குரல் அப்படியே இருந்தது.

வீட்டுக்காரம்மாவிடம், இந்தப் பெண் எங்கே படுக்கிறாள் என்று கேட்டேன்.

"இங்கதான். இந்தப் பாயில. என் மக பக்கத்துல."

"எப்ப இருந்துங்க?"

"சீசன் தொடங்குனதுல இருந்து. ஏன், என் மக எங்க படுக்கா? அதே பாய்தான். அதே போர்வைதான். நாங்க எங்க படுக்கோம்? அடுப்படியில. சீசன்ல இந்த ரோட்டுல எந்த வீட்டுல எவ கட்டில்ல படுக்கா, காட்டுங்க பாப்போம். வீட்டு ஆளுக எல்லாம் தரையிலதான், வாற ஆளுகளுக்குத்தான் கட்டில்." தலையணை உறைகளை மேஜைமேல் அறைந்தார். "நீங்கதான சொன்னீக, விருந்தாளியா நடத்தாத, மகளா நடத்துன்னு? குறைன்னு எழுதிட்டுப் போனீகளே! மகளா நடத்துனேன். மகளுக்கு என்னவோ அது அவளுக்கும். இப்ப அதுவும் குத்தமா?"

தொழிற்சாலையில் குறை எழுதினால் அடுத்த முறை அது திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்போம். இங்கே முழுசாகத் திருத்தப்பட்டிருந்தது. மெனு அட்டை போய்விட்டது. துண்டு அன்னம் போய்விட்டது. அந்தப் பெண் அடுப்படியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள், தட்டுக் கழுவினாள், திட்டு வாங்கினாள். சீசன் வந்ததும் வீட்டுப் பிள்ளைகளோடு தரைக்கு வந்தாள். லயத்தில் ஒரே அறையில் பாட்டன் முதல் பேரன் வரை படுத்து வளர்ந்தவர்களுக்கு, பாயைப் பங்கு போடுவதைவிட ஒருத்தியை வீட்டோடு சேர்த்துக்கொள்ள வேறு வழி தெரியாது. எனக்கு இது புரிந்தது. ஆனால் நான் பார்க்க வந்தது அதை அல்ல. அந்தக் கூடத்துக்கு இரண்டு வாசல். ஒன்றிலும் உள்பக்கத் தாழ்ப்பாள் இல்லை, ஏனென்றால் வாடகைக்கு இருப்பவர்கள் எந்நேரமும் தண்ணீருக்கும் டீக்கும் உள்ளே வரவேண்டும்.

மாணவியிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது விதி. அந்த வீட்டில் தனியாக என்று ஓர் இடம் இல்லை. பின்னால் துணி காயும் இடத்துக்குப் போனோம். அறைகளின் வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. இரண்டு விரிப்புகளுக்கு நடுவில் நின்று பேசினோம். பதினேழு வயதுப் பெண். அந்த வீட்டுப் பேச்சு அப்படியே நாக்கில் ஏறியிருந்தது.

"நீங்க எதுக்கு வந்தீக?" என்றாள்.

"உன் அம்மா பயந்துட்டாங்க."

"அவ பாயைத்தான் பாத்தா. என்னைப் பாக்கல." காற்றில் விரிப்பு முகத்தில் அடிக்க, அதைக் கோபமாகத் தள்ளினாள். "எனக்கு இங்கதான் இருக்கணும். நீங்க போய்ச் சொல்லுங்க."

அந்தத் துண்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன். சிரித்தாள். அவர் பாவம், வீடியோவைப் பார்த்ததும் பக்கெட்டோடு ஓடிவிட்டார் என்றாள். வேறு யாராவது வருகிறார்களா என்று கேட்டேன்.

"விடியக்காலம் சூரியன் உதிக்கறதப் பாக்க டாப் ஸ்டேஷன் மலைக்குப் போறவுக டீ கேட்டு வருவாக. போன வாரம் ஒருத்தர் என் காலை மிதிச்சிட்டார். என் பக்கத்துல படுத்திருந்தவ கையையும் மிதிச்சிட்டார். ரெண்டு பேரும் ரொம்பச் சிரிச்சோம்."

"அப்புறம்?"

"அடுத்த நாளும் வந்தார்." விரிப்பைப் பிடித்துக்கொண்டாள். "டீ கேக்கல. சும்மா நின்னார். அம்மா கரண்டியோட வந்தாக. போய்ட்டார்."

"அன்னைக்கும் சிரிச்சீங்களா?"

விரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, "இதை எழுதுவீகளா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப உங்ககிட்ட இனிமே எதுவும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். விரிப்புக்கு அந்தப் பக்கம் மகள் நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. காய்ந்த துணிகளை எடுப்பதுபோல நின்றிருந்தாள். கையில் ஒரு துணியும் இல்லை.

அந்தப் பாயில் இரண்டு பெண்கள் படுத்திருந்தார்கள். என் வேலை ஒருத்தியைப் பற்றியது. மற்றவள் எங்கே படுத்தாலும், யார் கையை மிதித்தாலும், என் அமைப்பு ஒன்றும் கேட்காது. அவள் இத்தாலியில் கால் வைத்த பிறகுதான் அவளுக்கும் தாழ்ப்பாள் வேண்டும் என்று யாராவது பார்ப்பார்கள்.

மேலாளரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அந்த ஆள் நின்றதையும் சொன்னேன். கூட்டி வா என்றார். நான் கிளம்புவதற்குள் அறையை அவளிடம் திருப்பிக் கொடுத்து, அவள் போகும்வரை வாடகைக்கு விட மாட்டேன் என்று எழுதியும் கொடுத்தால் இடத்திலேயே திருத்தியதாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். விதியில் அதற்கு வழி உண்டு. சீசனில் எந்த ஹோம்ஸ்டேக்காரனாவது ரூமைக் காலி செய்வானா என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

வீட்டுக்காரம்மா அடுப்படி வாசலில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார், சென்னைக் குடும்பத்துக்கு. நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

"அறை இன்னைக்கே அந்தப் பொண்ணுக்கு வரோணுங்க. இல்லீன்னா நான் அவளைக் கூட்டிட்டுப் போகோணும். வீட்டை எடுத்துருவாங்க. உங்க பொண்ணு போறதும் நின்னுரும்."

மாவுக் கை நின்றது. "பொங்கல் வரைக்கும் ஆளுக சொல்லி வச்சிருக்காக."

"தெரியுதுங்க."

"என்ன தெரியும் உங்களுக்கு? நாலு மாசம் மழையில நாங்க என்ன திங்கோம்னு தெரியுமா? இந்த ஒரு மாசம்தான் வருசம். நீங்க மாசாமாசம் சம்பளம் வாங்கிட்டு, கொண்டியை ஆட்டிப் பாத்துட்டு, பச்சத் தண்ணி குடிக்காம போவீக. வெசமா வச்சுத் தாறோம்?"

"அந்த ஆள் ரெண்டாவது நாளும் வந்து நின்னானாமாங்க."

"அவனைத்தான் கரண்டியோட வெரட்டினேனே! நான் இல்லையா? இத்தனை வருசமா என் மக இந்தக் கூடத்துலதான் படுக்கா. ஒருத்தன் தொட்டிருப்பானா?"

"நீங்க தூங்கியிருந்தா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு அடி பின்னால் போனேன், உண்மையாகவே. "வாயைக் கழுவுங்க" என்றார். மாவை உருட்டினார். ஓர் உருண்டை, இன்னோர் உருண்டை. வாசல்படியில் மகள் நின்றாள். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த அம்மா மகளை ஒரு முறை பார்த்தார், கூடத்தில் இருந்த பெட்டியை ஒரு முறை பார்த்தார், மாவு ஒட்டின கையோடேயே எழுந்து போய் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், ரூம் ஒழிச்சுத் தரணும்."

"என்னம்மா இது, அட்வான்ஸ் குடுத்திருக்கோம்! நாளன்னிக்கு வரைக்கும் இருக்கு."

"திருப்பித் தாறேன். மேல வளைவுல ரூம் பேசித் தாறேன். என் வீட்டுக்காரர் ஜீப்புல கொண்டு விடுவாரு."

"என்ன ரீசன்? கீசரைப் பத்திக் கம்ப்ளெய்ன்ட் பண்ணதுக்கா?"

"ஆமா சார்" என்றார் என்னைப் பார்த்தபடி. "இவுக பெரிய ஆபீசரு. கீசர் ஓடாத ரூமுல ஆளுகளை வைக்கக் கூடாதுன்னுட்டாக."

சென்னைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அவர் மாமியார் உரக்கச் சொன்னார்: "ஏன்டாப்பா, பச்சைத் தண்ணில குளிச்சா செத்தா போயிடுவோம்? எல்லாத்தையும் போய் ரிப்போர்ட் பண்ணு." குழந்தை அழ ஆரம்பித்தது. தன்மேல் பொறாமைப்படுகிறாள் என்று சொன்ன அந்த வளைவுக்காரிக்கே போன் செய்து, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பேசி அறை பிடித்துக் கொடுத்தார் வீட்டுக்காரம்மா. ஜீப்காரர் வந்தார், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டிகளை ஏற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரூமைக் குடுத்தாலும் நீங்க எழுதுனது எழுதுனதுதான?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை.

அறையைக் கூட்டினார். விரிப்பு மாற்றினார். மேஜையைத் துடைத்தார். எல்லாம் எனக்குக் கேட்கும்படி. கடைசியில் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, மடித்து, முறுக்கி, கழுத்தை வளைத்து, அன்னம் செய்து கட்டிலின் நடுவில் வைத்தார். என்னிடம் திரும்பி, "போதுமா? மெனு கார்டும் எடுத்து வைக்கவா?" என்றார். இத்தாலிப் பெண்ணைப் பார்த்து, "மேடம், உங்க ரூம் ரெடி" என்றார்.

அந்தப் பெண் கட்டிலைப் பார்த்தாள். உள்ளே போய்த் துண்டின் கழுத்தைப் பிடித்து ஓர் உதறு உதறினாள். வெறும் துண்டானதும் அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே விழுந்தது. வெளியிலிருந்து, "அப்படியே உள்ளேயே இருந்துக்கிடட்டும்" என்ற வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது.

திறந்து வெளியே வந்ததும் இன்னொன்றைச் சொன்னேன். வயதொத்த பெண்ணாக இருந்தால், ஆளுக்கொரு கட்டில் என்று, அறையைப் பகிர்ந்துகொள்ள விதி அனுமதிக்கிறது. உங்கள் மகளுக்கும் ஒரு கட்டில் போட்டுவிடலாமே என்றேன்.

"என் மக எங்க படுக்கணும்னும் உங்க ஆபீசுல எழுதி வச்சிருக்கா?"

"இல்லீங்க. இது நான் சொல்றது."

"அப்ப நீங்க சொல்ல வேண்டாம்."

அவள் போகும்வரை அறையை வாடகைக்கு விடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். பேனாவைத் திருப்பிக் கையில் தராமல் மேஜையில் வைத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, இத்தாலிப் பெண் கூடத்துக்கு வந்து சுருட்டின பாயிலிருந்து மகளின் தலையணையை உருவி எடுத்தாள். அறைக்குள் கொண்டுபோய் கட்டிலில் தன் தலையணைக்குப் பக்கத்தில் போட்டாள். இருப்பது ஒரே கட்டில். விதிப்படி ஆளுக்கொன்று. அந்த அம்மா என்னைப் பார்த்தார், சொல்லித்தான் பாரேன் என்பதுபோல. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

வெளியே வந்தேன். மேல் வளைவிலிருந்து திரும்பி வந்த ஜீப், பக்கத்து இருக்கை காலியாக, என்னைக் கடந்து முற்றத்துக்குள் போய் நின்றது. மூணாறுவரை கொண்டு விடட்டுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம். வீட்டுக்காரம்மா.

"ஒண்ணு கேக்கணும்." முகத்தில் எந்தச் சமாதானமும் இல்லை. கேட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தார், மாவு காய்ந்து விரல்களில் வெடித்திருந்தது. "என் பிள்ள அங்க போற வீட்டுக்கும் இப்படி ஆள் வருமா?"

"வருமுங்க. அங்க இருக்கறவங்க வருவாங்க."

"சொல்லாமலா?"

"சில சமயம் சொல்லாம."

"உங்கள மாதிரியே இருப்பாகளா? டீ குடிக்காம, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு?"

"இருப்பாங்க."

"கொண்டி போட்டுப் பாப்பாகளா?"

"பாப்பாங்க."

"கக்கூசு?"

"அதையுந்தான்."

சாலையைப் பார்த்தார். ஒரு வேன் முழுக்கப் பாட்டோடு மாட்டுப்பட்டி அணைப் பக்கம் போனது.

"நல்லா பாக்கட்டும்" என்றார்.

கேட்டை என் முகத்துக்கு நேரே சாத்தினார். உள்பக்கம் கொண்டி விழும் சத்தம் கேட்டது. நான் ஒரு முறை தள்ளிப் பார்த்தேன், பழக்கத்தில். அசையவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.